கோட்டை டச்சு ஆஸ்பத்திரி: நண்டு, நிழல், நடுவில் ஒரு தேர்தல்

பெயர்தான் ஆஸ்பத்திரி. உள்ளே போனால் நண்டு, பீட்சா, தேநீர், பியர், வாசனைச் சவர்க்காரம். கொழும்புக் கோட்டையில் இன்னும் நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது என்பார்கள். 1681 இல் இது இருந்ததற்குச் சான்று உண்டு. கப்பலில் வந்து காய்ச்சலில் விழுந்த ஒல்லாந்தக் கம்பெனிக்காரர்களைப் படுக்க வைக்கக் கட்டியது. ஐந்து பகுதிகள், அவற்றுக்கு நடுவே இரண்டு முற்றங்கள், அரை மீட்டர் தடிப்பில் சுவர், தேக்கு உத்தரம், மேலே ஓடு. வெளியே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிக்கும்போது, இந்த முற்றத்துக்குள் காலை வைத்த உடனே வெயில் ஒரு படி இறங்கிவிடும். மதியம் பன்னிரண்டரைக்கு கோட்டையில் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

யோர்க் வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்குப் பிரிவில் பல வருஷம் வேலை செய்தவள் நான். வெள்ளவத்தையில் 101 ஐப் பிடித்தால் காலி வீதி நெடுக நின்றபடியே கோட்டை. அதனால் சுற்றுலாப் பயணியின் கண்ணால் இந்த இடத்தை எழுத எனக்கு வராது. சம்பளம் வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒதுங்கும் இடமாகத்தான் எனக்கு இதைத் தெரியும்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேர் போனது மினிஸ்ட்ரி ஆஃப் கிராப். கிரிக்கெட் வீரர்கள் சங்கக்கார, மஹேல இருவரும் சமையல்காரர் தர்ஷன் முனிதாசவோடு சேர்ந்து 2011 இல் தொடங்கியது. நம் களப்பில் பிடிபடும் பெரிய நண்டெல்லாம் ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குப் போய்விடும், இங்கே மிஞ்சுவது காலொடிந்த சின்னதுகள். அதை மாற்றி, நல்ல நண்டை உள்ளூரிலேயே வைத்து விற்கலாம் என்று காட்டியது இந்தக் கடை. நண்டை எடை பார்த்துத்தான் தருவார்கள். இரண்டு கிலோவைத் தாண்டினால் அதற்குக் ‘கிராப்ஸில்லா’ என்று பட்டம். மிளகுக் குழம்பு நன்றாக இருக்கும். அதில் பாணைத் தோய்த்துச் சாப்பிடுவது நண்டை உடைத்துச் சாப்பிடுவதைவிடச் சுகம் என்பது என் கட்சி. ஆனால் யாழ்ப்பாணத்தில் முருங்கை இலை போட்டு வைத்த நண்டுக் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது வேறு ஒரு சாப்பாடு. அதையும் இதையும் ஒப்பிட்டால் இரண்டுக்கும் அநியாயம். விலை? கணக்கெழுதும் ஒருத்தி தன் காசில் அடிக்கடி போகும் விலை அல்ல. யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து கூட்டிப் போனால் போகலாம். அப்படித்தான் போனேன்.

மற்றபடி நாங்கள் வாங்குவது ஒரு தேநீர், ஒரு துண்டு கேக், இரண்டு முள்ளுக்கரண்டி. நாங்கள் என்றால் நானும் கந்தோரில் என் பக்கத்து மேசை அக்காவும். ஹோமாகமவிலிருந்து 138 இல் வருகிறவர். என்னை நங்கி (தங்கை) என்பார், நான் அவரை அக்கே என்பேன். சிங்களத்தில்தான் பேச்சு. என் சிங்களம் சறுக்கும் இடத்தில் அவர் ஆங்கிலத்தில் கை கொடுப்பார். இந்த மதிப்புரையில் அவர் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 நவம்பர் 16 அன்று கோட்டாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்த 69 இலட்சத்து 24 ஆயிரம் பேரில் அவர் ஒருவர். ஏன் என்று கேட்டபோது அவர் மேடைப் பேச்சையோ விஞ்ஞாபனத்தையோ சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்தைக் கையால் ஒரு சுற்றுக் காட்டினார். “இதைச் செய்த ஆள்தானே.”

அந்தப் பதிலை நான் இன்னும் விடவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் அந்தத் தேர்தலை பயம், இனவாதம், குடும்ப ஆட்சி என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டன. மூன்றும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் டச்சு ஆஸ்பத்திரியைச் சேர்க்காமல் அந்த வாக்கு விளங்காது.

இந்த இடத்துக்கு ஐந்து நிமிஷ நடைக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். எதிரே மத்திய வங்கி. 1996 ஜனவரி 31 அன்று வெடிமருந்து லொறி அதன் வாசலில் மோதியதில் 91 பேர் செத்தார்கள், காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் சில காலம் கோட்டைப் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது, அந்தக் குண்டில் இதுவும் அடிபட்டது. அடுத்த வருஷம் ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தடியில் இன்னொரு குண்டு. அதற்குப் பிறகு கோட்டை என்றால் தடை, மணல் மூட்டை, அடையாள அட்டை. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்காமலே கோட்டையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் பகலில் தேநீர் குடிக்கலாம் என்பதே யோசனைக்கு வராத காலம் அது.

2009 இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷமே நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டு வந்தார்கள். அமைச்சின் செயலாளர், ஜனாதிபதி மஹிந்தவின் தம்பி கோட்டாபய. தெருவுக்குக் கல் பதிப்பதும் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் கூட ராணுவத்தின் வேலையானது. பூங்காக்களின் வேலிகள் போயின. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடைபாதை வந்தது. 2011 டிசம்பரில் இந்த ஆஸ்பத்திரி கடைத்தொகுதியாகத் திறந்தது. பிறகு ரேஸ்கோர்ஸ், 2014 இல் சுதந்திர சதுக்க ஆர்கேட், அதே வருஷம் புறக்கோட்டை மிதக்கும் சந்தை. இதையெல்லாம் செய்வித்த மனிதர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். சனி ஞாயிறுகளில் ஹோமாகம, கெஸ்பேவ, கடுவெல பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து கொழும்பில் காசில்லாமல் நடந்துவிட்டுப் போனார்கள். முன்பு கொழும்பு அவர்களுக்கு வேலைக்கு வந்து களைத்துத் திரும்பும் ஊர். அதை முதன்முதலாகத் தங்கள் ஊர் போல உணர்ந்தார்கள். அக்காவின் மகள் இந்த முற்றத்தில் சறுக்கி விழுந்து முழங்கால் உரசிக்கொண்ட கதையைக் கூட அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

வன்னாத்தமுல்லையில், தெமட்டகொடையில், கொம்பனித்தெருவில் இதே அதிகார சபை இடித்த வீடுகள் அந்தக் குடும்பங்களின் கண்ணில் படவில்லை. கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் 2010 மே மாதம் ராணுவம் நிற்க வீடுகளை இடித்தார்கள். அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் மலாயர்களும் தமிழரும். நகரத்தின் அழகில் யாருடைய அடுப்பு அணைந்தது என்பது ஹோமாகமப் பக்கத்திலிருந்து ஹைலெவல் வீதியால் வந்து அதே வீதியால் திரும்புகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. புடவைக் கடைக்காரர் தலைப்பை மட்டும் விரித்துக் காட்டுவார், உடல் மடிப்புக்குள்ளேயே இருக்கும். டச்சு ஆஸ்பத்திரி அந்தத் தலைப்பு.

சரி, 2015 இல் ராஜபக்ஷக்கள் வீட்டுக்குப் போனார்கள். மைத்திரிபால ஜனாதிபதியாகவும் ரணில் பிரதமராகவும் வந்தார்கள். நாங்களும் அந்த மாற்றத்துக்கு வாக்குப் போட்டோம், சந்தோஷமாகவே. ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வான் பயம் குறைந்தது, வாய் திறந்து பேச முடிந்தது. தகவல் அறியும் சட்டம் வந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயம். அக்காவுக்கு? அவர் ஒரு நாளும் வெள்ளை வானுக்குப் பயந்ததில்லை. ஆகவே அது போனதும் அவருடைய கணக்கில் வரவாக ஏறவில்லை. ஏறியது எல்லாம் செலவுதான்.

அந்தச் செலவுக் கணக்கை அவர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆட்சி மாறி இரண்டு மாதம் ஆகவில்லை, 2015 பெப்ரவரி 27, இதோ எதிரே இருக்கும் மத்திய வங்கியில் பிணைமுறி ஏலம். ஆளுநரின் மருமகனுடைய நிறுவனம் அதில் அள்ளிக்கொண்டு போனது. ஊழலை ஒழிக்க வந்தவர்கள் கையிலேயே தொடக்கத்திலேயே கறை பட்டுவிட்டது என்பது அக்காவின் தீர்ப்பு. 2016 நவம்பரில் வற் வரி 11 இலிருந்து 15 சதவீதம். 2018 மே மாதம் எரிபொருள் விலைச் சூத்திரம் வந்து பெற்றோல் ஒரே இரவில் 117 ரூபாவிலிருந்து 137. அந்த வருஷம் தொடங்கும்போது டொலர் 153 ரூபா அளவில், முடியும்போது 182. கப்பல் கந்தோரில் இருந்ததால் அந்த டொலர் கணக்கை நாங்கள் ஒவ்வொரு நாளும் கையால் எழுதினோம். அவருடைய வீட்டுக் கடனின் வட்டியும் மகனின் ரியூஷன் காசும் ஏறின. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் பணத்தைவிட அவரைக் கோபப்படுத்தியது குப்பை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்த மலை ராஜபக்ஷ காலத்திலும் வளர்ந்ததுதான். அது சரிந்த பிறகு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொழும்பெங்கும் கறுப்புப் பைகள் தெரு மூலைகளில் கிடந்து நாறின. “கோட்டா மஹத்தயா (கோட்டாபய ஐயா) இருந்தால் இப்படி விடுவாரா?” பஸ்ஸில், வங்கி வரிசையில், எங்கள் கந்தோர் லிப்டில் அந்த வசனத்தைக் கேட்காத நாள் குறைவு. பொருளாதார வளர்ச்சி விகிதம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. தெரு மூலையில் பை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2019 மார்ச்சில் மின்வெட்டும் சேர்ந்துகொண்டது.

அதற்கு முன்பே 2018 ஒக்டோபர் 26 இரவு. மைத்திரிபால ரணிலைத் தூக்கிவிட்டு மஹிந்தவைப் பிரதமராக்கினார். நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர். நவம்பர் 16 அன்று பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த் தூள் வீசினார்கள். வீசியது மஹிந்த அணி. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்த, ரணில் திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் அது ஜனநாயகத்தின் வெற்றி. கந்தோரில் அது வேறு மாதிரிப் பேசப்பட்டது: பாராளுமன்றத்தின் இந்த 225 பேரும் ஒன்றுதான், இவர்களைப் பெருக்கித் தள்ள ஒருவன் வேண்டும். மிளகாய்த் தூள் வீசிய அணியே அந்தப் பேச்சில் ஆதாயம் கண்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே நவம்பர் 16 அன்று, தேர்தல்.

கோட்டாபய பாராளுமன்றத்தில் ஒரு நாளும் உட்காராதவர். தேர்தலில் நின்றதே இல்லை. முன்னாள் ஜனாதிபதியின் தம்பி என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ‘அரசியல்வாதி அல்லாதவர்’ என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. மேடையில் சரளமாகப் பேச வராது, அண்ணன் போலத் தோளில் கை போடத் தெரியாது. அது குறையாக இருக்கும் என்று நினைத்தோம். பேசிப் பேசியே கெடுத்தவர்கள் நடுவில் பேசத் தெரியாதவன் யோக்கியனாகத் தெரிந்தான். பேராசிரியர்கள், வைத்தியர்கள், கணினிக்காரர்கள் கூடும் வியத்மக என்ற அமைப்பு அவருக்குப் பின்னால் நின்றது. படித்த மகனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும் என்று அக்கா நம்பினார்.

அப்புறம் உயிர்த்த ஞாயிறு.

2019 ஏப்ரல் 21 காலை, குண்டுகள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி. கிங்ஸ்பெரி இந்த முற்றத்திலிருந்து நடக்கும் தூரம். செத்தவர்கள் 260 க்கும் மேல். இந்தியா ஏப்ரல் 4 ஆம் திகதியே எச்சரித்திருந்தது என்பது சில நாட்களில் வெளியே வந்தது. ஜனாதிபதி அன்று சிங்கப்பூரில், தனக்குச் சொல்லவில்லை என்றார். பிரதமரோ பாதுகாப்புச் சபைக்குத் தன்னைக் கூப்பிடுவதில்லை என்றார். இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருந்தாலும் கேட்கிறவனுக்கு அதைவிடக் கேவலம் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் வேலையில் இப்படிச் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது பிள்ளைகளின் பையைத் திறந்து சோதித்தார்கள், சில இடங்களில் உள்ளே இருப்பது தெரியும் பை கேட்டார்கள். பெற்றோர் முறை போட்டு வாசலில் காவல் நின்றார்கள். அக்காவும் நின்றார். காலையில் கந்தோருக்குப் பிந்தி வந்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஏழு வயசுப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் நங்கி. உள்ளே பாணும் பருப்பும். பார்த்துவிட்டு எனக்கே வெட்கம்.” அவர் இனவாதி என்றால் என் வேலை சுலபமாகியிருக்கும். அந்தக் கிழமையே மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். அக்கா அதைக் கண்டித்தார், பிறகு எங்கள் கந்தோருக்குக் கீழே இருந்த முஸ்லிம் கடையில் சோற்றுப் பார்சல் வாங்குவதை நிறுத்தினார். இரண்டையும் ஒரே மனிதர்தான் செய்தார்.

அந்த மாதங்களில் டச்சு ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்றும் எழுத வேண்டும், இது மதிப்புரை அல்லவா. மே மாதம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் முந்திய வருஷத்தைவிட 70 சதவீதம் குறைவு. முற்றத்தில் நாற்காலிகள் அடுக்கியபடி. வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும். பரிசாரகப் பையன்கள் சுவரோரம் நின்று கைபேசி பார்த்தார்கள். சேவைக்கட்டணம்தான் பாதி வருமானம், அது இல்லை என்றான் ஒருவன். அவனும் யாருக்கு வாக்களித்திருப்பான் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதுகாப்பும் பிழைப்பும் இரண்டு தனித்தனிப் பயம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பிரிக்கின்றன. அடுக்கிய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றால் பிரிக்க முடியாது.

குண்டு வெடித்து ஒரு வாரம் ஆகுமுன் கோட்டாபய தான் போட்டியிடுவதாகச் சொல்லிவிட்டார். எதிரே நின்ற சஜித் பிரேமதாசவும், பாதுகாப்பை முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவிடம் கொடுப்பேன் என்று வாக்குறுதி தர வேண்டி வந்தது. சந்தையில் அன்று ஒரே சரக்குத்தான் விலைபோனது, இரண்டு கடைக்காரரும் அதையே முன்னால் வைத்தார்கள். கோட்டாபய கூடவே இன்னொன்றும் வைத்தார்: வற் வரியை 15 இலிருந்து 8 ஆக்குகிறேன், சம்பளத்தில் பிடிக்கும் வரியை எடுக்கிறேன். பாதுகாப்பு வாக்குறுதிக்குத் தலையாட்டிய எங்கள் கணக்குப் பிரிவு, வரி வாக்குறுதியைப் பென்சிலால் கூட்டிப் பார்த்தது. கூட்டிப் பார்த்தவர்கள் தங்கள் சம்பளச் சீட்டை மட்டும் கூட்டினார்கள். அரசாங்கத்தின் வரவுப் பக்கத்தை ஒருவரும் கூட்டவில்லை, நாங்கள் எல்லோரும் கணக்காளர்கள் என்றபோதும்.

முடிவு வந்தது. 52.25 சதவீதம் கோட்டாபய, 41.99 சஜித். வாக்களித்தவர்கள் 83 சதவீதத்துக்கு மேல். படத்தைப் பார்த்தால் நாடு இரண்டு நிறம். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 83 சதவீதத்துக்கு மேல், அம்பாந்தோட்டையில் கோட்டாபயவுக்கு 66. எனக்குச் சுவாரசியமாக இருந்தது கொழும்பு மாவட்டம். அவர் அழகாக்கிய நகரத்தின் வட கொழும்பும் மத்திய கொழும்பும் சஜித் பக்கம் சாய்ந்தன. ஹோமாகம, மஹரகம, கெஸ்பேவ அவரைத் தூக்கி வைத்தன. நடைபாதைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் கொடுக்கவில்லை. சனிக்கிழமை வந்து நடந்துவிட்டுப் போனவர்கள் கொடுத்தார்கள்.

“நீங்கள் ஏன் அவருக்குப் போடவில்லை?” என்று அக்கா என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் 2007 ஜூன் 7 ஐச் சொன்னேன். அன்று விடியற்காலை வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, கொழும்பை விட்டு அனுப்பினார்கள். காரணம் பாதுகாப்பு. மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அப்போது பாதுகாப்புச் செயலாளர் யார் என்று அக்காவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தச் செய்தியை மறந்திருந்தார் என்பதைக் கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த பஸ்களில் அவருடைய ஆட்கள் ஒருவரும் இல்லை. அவர் கேட்ட பாதுகாப்பில் நான் பையைத் திறந்து காட்டும் ஆளாக இருந்தேன், அவர் வாசலில் நின்று பார்க்கும் ஆளாக இருந்தார். கேக் துண்டைப் பாதியாக வெட்டி எனக்குத் தள்ளிவிட்டு அவர் சும்மா இருந்தார். சண்டை வரவில்லை. எங்களுக்குள் சண்டை வராததே அந்த நாட்களின் ஒரு கஷ்டம்.

நவம்பர் 18 அன்று அனுராதபுரம் ருவன்வெலிசாயவில் பதவியேற்பு. சிங்களப் பெரும்பான்மையின் வாக்கால் மட்டும் வெல்லலாம் என்று தெரிந்தே தான் நின்றதாக அங்கே சொன்னார். அடுத்த வாரங்களில் ஊரெல்லாம் இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு இறங்கி மதிலெல்லாம் படம் வரைந்தார்கள், யாரும் சம்பளம் கொடுக்காமலே. அதைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அதே நேரம் அந்தப் பிள்ளைகளின் உற்சாகம் பொய் இல்லை என்றும் தெரிந்தது. டிசம்பர் 1 முதல் வற் 8 சதவீதம். சொன்னதைச் செய்கிற மனிதர் என்றார் அக்கா. உண்மைதான், செய்தார். அரச வருமானம் மளமளவென்று விழுந்தது. கொரோனா வந்தது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தார். 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. முற்றத்துக்குக் கல் பதிக்கும்போது காசு எங்கிருந்தோ வந்தது, ஆள் ராணுவத்திலிருந்து வந்தது. திறைசேரிக்கு அப்படி ஆள் அனுப்ப முடியாது.

பிறகு நடந்ததும் இதே சுற்றுவட்டாரத்தில்தான். முதல் பெரிய கோபம் மார்ச் 31 இரவு மிரிஹானவில், அவர் வீட்டு வாசலில், அவருக்கு வாக்களித்த அதே புறநகரில் வெடித்தது. ஜூலை 9 அன்று சதாம் வீதியிலும் யோர்க் வீதியிலும் கண்ணீர்ப்புகை. பின்னேரம் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம், நீச்சல் தடாகத்தில் பையன்கள். மாளிகைக்கும் இந்த நண்டுக் கடைக்கும் இடையில் ஒரு சில நிமிஷ நடை. அக்கா அன்று வரவில்லை, வர பஸ்ஸுக்கு டீசல் இல்லை. ஏப்ரலில் ஹோமாகமவில் மெழுகுதிரி பிடித்து நின்றதாகச் சொன்னார். 2019 ஐப் பற்றிக் கேட்டேன். அவர் தலை குனியவில்லை. “அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள், சொல்லு நங்கி. நான் பார்த்ததை வைத்துத்தான் போட்டேன். கதையை வைத்துப் போடவில்லை.” 2019 இல் 3 சதவீதம் வாங்கிய அநுரகுமார 2024 இல் ஜனாதிபதியானபோது அவருடைய வாக்கும் அங்கே போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்திலும் அந்த வருஷப் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு மூன்று ஆசனம் கிடைத்தது. அதற்கு வேறொரு மதிப்புரை வேண்டும்.

டச்சு ஆஸ்பத்திரி நல்ல வேலை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. பழைய சுவரை இடிக்காமல், ஓட்டுக் கூரையை மாற்றாமல், நடுவில் வெளியை விட்டுச் செய்திருக்கிறார்கள். கோட்டையில் பல பழைய கட்டடங்கள் அதைவிட மோசமான கதிக்கு ஆளாகியிருக்கின்றன. என் குறை விலையில்தான். கடை முன் உட்கார ஒரு கோப்பைத் தேநீராவது வாங்க வேண்டும், அந்தக் கோப்பையின் விலைக்கு வெளியே இரண்டு பேர் சாப்பிடலாம்.

போகிறவர்களுக்கு: கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். யோர்க் வீதியில் கார்கில்ஸின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வெயில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோட்டை வெறிச்சோடிக் கிடக்கும், கிழமை நாள் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு நல்லது. முற்றத்தில் சுவரோரம் மேசை கேளுங்கள், சாய்ந்த வெயில் அங்கே எட்டாது. நண்டு சாப்பிடுவதென்றால் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். ஒரு கிலோவுக்குக் கிட்டிய நண்டை இரண்டு பேர் பகிர்ந்தால் போதும், பாணை மட்டும் தாராளமாக வாங்குங்கள். கழுத்தில் கட்ட ஏப்ரன் தருவார்கள், என்றாலும் வெள்ளைச் சட்டை போட்டுப் போக வேண்டாம்.